பௌர்ணமிக்கு வந்த அகாடமி

எங்கள் ஊரில் அகாடமிக்குப் பஞ்சமே கிடையாது. போலீஸ் வேலைக்குப் பயிற்சி கொடுக்கிற அகாடமி, கராத்தே அகாடமி, அழகுக்கலை அகாடமி என்று தேரடித் தெருவிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போர்டு போர்டாகத் தொங்கும். தேசிய அறிவியல் அகாடமியிலிருந்து எங்கள் கல்லூரிக்கு ஒருவர் பேச வருகிறார் என்று நான் வாயெல்லாம் பல்லாகக் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தபோது, காய்கறிக்காரம்மா, "அது எந்தத் தெருவுலமா இருக்குது? என் பொண்ணச் சேத்துக்குவாங்களா?" என்று கேட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த அகாடமி என்ன செய்கிறது என்று எனக்கே அப்போது அரைகுறையாகத்தான் தெரியும்.

நான் பெண்கள் கல்லூரி ஒன்றில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். எங்கள் துறையில் ஆளே இரண்டு பேர்தான். நான் ஒருத்தி, என்னைவிட வயதில் இளைய ஒரு தோழி இன்னொருத்தி. அவள் எங்கள் ஊரிலேயே நாலு தலைமுறையாகப் பாத்திரக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். என்னை அக்கா என்பாள், நான் கத்தினால் கேட்டுக்கொண்டே டிபன் டப்பாவைத் திறந்து முன்னால் வைப்பாள். எனக்குக் கோபம் வரும், வந்த வேகத்தில் பசியும் வரும் என்பது அவளுக்கு அத்துப்படி.

வருஷா வருஷம் எங்கள் பாடத்தில் சேருகிற பெண்கள் கம்மியாகிக்கொண்டே வந்தார்கள். எல்லோருக்கும் காமர்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வேண்டும். கல்லூரிச் செயலாளர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி வரவழைத்துக் கொடுத்து, அது ஆறுகிற வரைக்கும் சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, அடுத்துக் கூடும் நிர்வாகக் கமிட்டியில் இயற்பியலை மூடிவிடலாம் என்று பேச்சு இருப்பதாகச் சொன்னார். கீழ்பென்னாத்தூரில் ரைஸ் மில் வைத்திருக்கிற மனிதர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். மூடினால் என்னைச் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கப் போட்டுவிடுவார்கள். என் தோழி ஒப்பந்தத்தில் இருப்பவள், அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் மாமியார் வீட்டோடு மல்லுக்கட்டி மேற்படிப்பு முடித்து இந்த வேலைக்கு வந்தவள். அந்த முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்வேன்?

"நாங்க இன்னா படிச்சோம்மா," என்றார் செயலாளர். "பெரிய எடத்துலேர்ந்து விஷயம் தெரிஞ்சவங்க யாராச்சும் வந்து, இது வேணும்னு எனக்குப் புரியறாப்பல சொல்லட்டும். கமிட்டில நான் பேசறேன்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அகாடமிக்கு எழுதினேன். சின்ன ஊர்க் கல்லூரிகளுக்குத் தங்கள் ஆட்களை அனுப்பிப் பேசவைப்பது அவர்களுடைய வேலைகளில் ஒன்று என்று எங்கோ படித்திருந்தேன். பதில் வராது என்று நினைத்தேன். வந்தது. ஒரு வானியல் விஞ்ஞானி, அகாடமியின் ஃபெல்லோ, தாமே வருவதாக எழுதியிருந்தார். மலைமேல் இருக்கும் பெரிய தொலைநோக்கியில் வேலை பார்க்கும் பெண்மணி, அறுபதைத் தாண்டியவர். ஃபெல்லோ என்றால் நாமாக மனுப்போட்டுச் சேருகிற விஷயம் இல்லை. உள்ளே இருப்பவர்கள் ஒருவருடைய வேலையைப் பார்த்து, கூடிப் பேசி, ஓட்டுப் போட்டு எடுக்க வேண்டும். சம்பளம் கிடையாது. இதை என் வீட்டுக்காரரிடம் விளக்கியபோது, சம்பளம் இல்லாத வேலைக்கு ஓட்டு வேறயா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

விஞ்ஞானி அம்மா குறித்துக் கொடுத்த தேதி ஒரு சனிக்கிழமை. கமிட்டி கூடுவதற்குச் சரியாக முந்தின வாரம். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே சரி என்று எழுதி, அழைப்பிதழ் அச்சடித்து, செயலாளருக்கு முதல் பிரதியை அனுப்பினேன்.

அழைப்பிதழைப் பார்த்த என் வீட்டுக்காரர் எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் தாள்களைப் புரட்டி, ஒரு தாளில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். அந்தத் தேதிக்குப் பக்கத்தில் வெள்ளை வட்டம். பௌர்ணமி. அவர் மின்வாரியத்தில் வேலை செய்கிறார். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலப் பாதையில் அவருக்கு டியூட்டி. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு பௌர்ணமிகூட நாங்கள் சேர்ந்து சாப்பிட்டதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு, போன் காலண்டரை மட்டும் பார்த்துவிட்டுத் தேதிக்குத் தலையாட்டியிருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் ஊரே ஊராக இருக்காது. லட்சக்கணக்கில் ஜனம் மலையைச் சுற்ற வரும். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். கல்யாணம்கூட மண்டபம் சும்மா கிடைத்தாலும் அன்றைக்கு வைக்கமாட்டார்கள்.

தலையில் அடித்துக்கொண்டு அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். மதுரைப் பக்கத்துக்காரர், வெள்ளந்தியாகப் பேசினார். அன்றைக்கு இங்கே நடக்காது, வேறு தேதி கொடுங்கள் என்றேன். தாராளமாக, என்று அடுத்த மாதம் ஒரு தேதி சொன்னார். காலண்டரைப் பார்த்தேன், அதுவும் பௌர்ணமி. அதற்கடுத்த மாதம் சொன்னார். அதுவும் பௌர்ணமி. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, இந்த அம்மா என்னோடு விளையாடுகிறாரா என்று.

"மேடம், நீங்க குடுக்கிறது எல்லாமே பௌர்ணமியா இருக்குதுங்க," என்றேன்.

"ஆமா," என்றார் அவர் சாதாரணமாக. "அன்னைக்குத்தானே எனக்கு வேலை இல்ல."

பிறகுதான் புரிந்தது. நிலா வெளிச்சம் இருந்தால் மங்கலான நட்சத்திரங்கள் கண்ணுக்குச் சிக்காது. இருட்டு ராத்திரியெல்லாம் அவர் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருப்பார், பகலில் தூங்குவார். பௌர்ணமியை ஒட்டி இரண்டு மூன்று நாள்தான் அவருக்கு ஓய்வு. வாழ்நாள் முழுக்கக் கல்யாணம், காதுகுத்து, பல்வலி எல்லாவற்றையும் பௌர்ணமிக்குத் தள்ளிவைத்தே பழகிய மனுஷி, அப்படித்தான் எங்கள் ஊருக்கும் தேதி குறித்திருக்கிறார். உலகத்தில் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் அந்தத் தேதி பொருந்தும், திருவண்ணாமலையைத் தவிர. நான் இதைச் சொன்னதும் போனில் இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தோம், நிறுத்த முடியவில்லை. நேரில் பார்ப்பதற்கு முன்பே அந்த அம்மாவை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

கமிட்டிக்கு முன்னால் இதைவிட்டால் வேறு நாள் இல்லை. காலையிலேயே ஆரம்பித்து மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம் என்று முடிவு செய்தோம். அன்று சாயங்காலமே செயலாளர் போன் செய்தார்.

"ஏம்மா, பௌர்ணமிக்கா வெச்சிருக்கீங்க? எனக்கு அடி அண்ணாமலையில அன்னதானமாச்சே. எங்கப்பா காலத்துலேர்ந்து ஒரு மாசம் நின்னதில்ல. நான் எப்படிம்மா வர்றது?"

யார் வந்து கேட்க வேண்டும் என்று இவ்வளவும் செய்தேனோ அவரே வரமாட்டார். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுதேன். மறுநாள் தோழியிடம் சொன்னேன். அவள், பரவாயில்லக்கா, பொண்ணுங்களாவது கேக்கட்டும் என்றாள். அவளுக்குத்தான் வேலை போகப்போகிறது, அவள் எனக்குச் சமாதானம் சொல்கிறாள். எனக்கு அவள்மேலேயே கோபம் வந்தது.

அந்தச் சனிக்கிழமை காலையில், நாங்கள் பயந்ததற்கு மேலாகவே நடந்தது. லீவு நாளும் சேர்ந்துகொண்டதால் விடிந்ததிலிருந்தே கூட்டம். பெண்கள் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டார்கள், உள்ளூர்ப் பிள்ளைகள் அல்லவா, சந்து பொந்தெல்லாம் தெரியும். வரவேண்டியவர்தான் வரவில்லை. செங்கம் ரோட்டில் போலீஸ்காரர்கள் அவருடைய காரை நிறுத்திவிட்டார்கள். அகாடமி என்று அவர் சொல்லியிருக்கிறார். எந்த அகாடமியாக இருந்தாலும் நடந்துதான் போகணும் என்று பதில் வந்திருக்கிறது. போனில் என்னைக் கூப்பிட்டு எந்தப் பக்கம் நடக்க என்று கேட்டார். நான் சொல்லி முடிப்பதற்குள் இரைச்சலில் லைன் அறுந்துவிட்டது. மறுபடி அவர் கூப்பிட்டபோது வெகுநேரம் ஆகியிருந்தது. கூட்டம் போகிற பக்கமாகவே நடந்து வந்துவிட்டாராம். எல்லாரும் ஒரே திசையில் போனதால் கல்லூரிக்கும் அதுதான் வழி என்று நினைத்துவிட்டார். கிரிவலம் போகிறவர்கள் மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு சுற்றுகிறவர்கள், அவர்களோடு சேர்ந்து மலைக்குப் பின்பக்கம் போய்விட்டார். எங்கே இருக்கிறீர்கள் என்றால், பெரிய கோயில் ஒன்று, நிறையச் சாம்பிராணிப் புகை என்றார். அடி அண்ணாமலை.

அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரே இடம் செயலாளரின் அன்னதானப் பந்தல்தான். அங்கே போய் உட்காருங்கள், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேண்டுமென்றே அங்கே அனுப்பினேன் என்று என் தோழி இன்னும் கிண்டல் செய்கிறாள். அண்ணாமலையார்மேல் சத்தியமாக அப்போது எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. பேச்சாளர் அனுப்பியிருந்த படங்களை வைத்து நீயே பேசு என்று தோழியை மேடையில் ஏற்றிவிட்டு, வடக்குப் பக்கம் வயல் வழியாக ஸ்கூட்டியை உருட்டியும் ஓட்டியும் நான் போய்ச் சேர்வதற்குள் உச்சி வெயில் ஆகிவிட்டது.

பந்தலில் அந்த அம்மா தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பாக்குமட்டைத் தட்டில் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பருத்திப் புடவை, கான்வாஸ் ஷூ, தலையில் தொப்பி, முதுகில் பை. இடுப்பில் துண்டு கட்டிய செயலாளர் எதிரில் கரண்டியோடு நின்று இன்னும் போடட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்குப் போடுகிறோம் என்று அவருக்கும் தெரியாது, யார் போடுகிறார் என்று இவருக்கும் தெரியாது. நான் மூச்சு வாங்கிக்கொண்டே இரண்டு பேரையும் அறிமுகம் செய்தேன். செயலாளர் கரண்டியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, துண்டை உதறி, அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

செயலாளருக்கு எதையும் சுற்றி வளைக்காமல் கேட்டுத்தான் பழக்கம், காபி வாங்கிக் கொடுக்கும்போது தவிர. இந்த அகாடமின்றது இன்னாத்துக்கு, யாரு ஆரம்பிச்சது என்று கேட்டார். அந்த அம்மா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். சுதந்திரத்துக்கு முன்னால் நம் ஆட்கள் ஒன்றைக் கண்டுபிடித்தால் அதை அச்சில் பார்க்கக் கடல் தாண்டி அனுப்பிவிட்டுக் காத்துக்கிடக்க வேண்டும். நல்லது கெட்டது சொல்வதற்கும் அங்கேதான் ஆள். நம் வேலையை நாமே பார்த்து, நாமே நல்லா இருக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டால் என்ன என்று சிலர் கூடினார்கள். கூடினவர்கள் ஒற்றுமையாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. சண்டை போட்டுக்கொண்டு ஒன்றுக்கு மூன்றாக ஆரம்பித்தார்கள். மூன்றும் இன்றைக்கும் இருக்கின்றன. செயலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். ரைஸ் மில் சங்கமும் இப்படித்தான் உடைந்ததாம், அவர்தான் மூன்றாவது சங்கத்துக்குத் தலைவராம்.

சரி, இப்போது அதன் வேலை என்ன என்று கேட்டார். பத்திரிகை போடுகிறோம், நல்ல வேலை செய்கிறவர்களைத் தேடி எடுத்து உட்காரவைக்கிறோம், உங்கள் கல்லூரி மாதிரி இடங்களுக்குப் போகிறோம், அரசாங்கத்துக்கு யோசனை சொல்கிறோம் என்றார் அந்த அம்மா.

"நீங்க சொன்னா அவங்க செய்வாங்களா?"

"எங்ககிட்ட எந்த அதிகாரமும் இல்லைங்க. நாலு பேர் உக்காந்து, மாசக்கணக்கா யோசிச்சு எழுதி அனுப்புவோம். கிடைச்சதுன்னு பதில் வரும். அப்புறம் ஒண்ணும் வராது. கேட்டாலும் சொல்லணும், கேக்கலைன்னாலும் சொல்லணும். அதுதான் எங்க வேலை."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் ஒன்றும் இல்லை. பழகிப்போன முகம். செயலாளர்தான் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் கையைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். சேருகிறவர்கள் கம்மி, செலவு ஜாஸ்தி, அடுத்த வாரம் கமிட்டி.

"மூடலாமா வேணாமா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றார். "நீங்க சொல்றத நான் செய்றேன்."

அந்த அம்மாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. மூடாதீங்க, ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தானே இவ்வளவு தூரம் வந்தார். என் தோழியின் வேலையும் என் மானமும் அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த அம்மாவோ தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மெதுவாக, உங்கள் ஆய்வகத்தை நான் பார்க்கவில்லையே, நாளைக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

எனக்கு வந்ததே கோபம். அங்கே ஜனங்களுக்கு நடுவில் ஒன்றும் பேச முடியவில்லை. சாலை திறக்காததால் அவரால் ஊருக்குத் திரும்பவும் முடியாது. ஆசிரமத்துப் பக்கம் ஒரு அறைகூடக் காலி இல்லை. என் வீட்டுக்குத்தான் கூட்டிவந்தேன். பொழுது சாயும் நேரத்தில் தோசை வார்க்க உட்கார்ந்தேன், தோசைக்கல்லை அடுப்பில் வைத்த சத்தத்திலேயே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"கோபமா இருக்கீங்க," என்றார்.

ஆமாம் என்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே, அவரே வாயைத் திறந்து கேட்டாரே, பார்த்துத்தான் சொல்வேன் என்று இங்கே என்ன நட்சத்திரமா பார்க்கப்போகிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கும் நாக்கு நுனி வரைக்கும் அந்த வார்த்தை வந்துவிட்டதாம். ஆனால் பார்க்காத ஒன்றைப் பற்றி நான் சொல்லி, அது பொய்யாகிவிட்டால் அந்த மனிதர் இனிமேல் யார் வந்து சொன்னாலும் நம்பமாட்டார் என்றார். எங்களிடம் அதிகாரமும் இல்லை, பணமும் இல்லை. சொல்லுகிற வார்த்தை ஒன்றுதான் இருக்கிறது, அதையும் கலப்படம் செய்தால் என்ன மிச்சம் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் எனக்கு இன்னும் கோபம். மூன்றாவது தோசையைத் தீய்த்து அதையே அவருக்குப் போட்டேன். அவர் அதையும் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆய்வகத்தைத் திறந்தோம். தோழி முந்தின நாள் சாயங்காலமே வந்து தூசி தட்டி, மேஜைக்கெல்லாம் துணி விரித்து வைத்திருந்தாள். விடுதிப் பெண்கள் சிலர் வந்திருந்தார்கள். தோழி பேசிய பேச்சு நன்றாக இருந்ததென்று ஒருத்தி என்னிடம் கிசுகிசுத்தாள். செயலாளரும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்.

அந்த அம்மா மேஜை மேஜையாகப் போனார். ஒவ்வொரு கருவியையும் எடுத்து, திருப்பி, தானே இணைப்புக் கொடுத்துப் பார்த்தார். கால்வனாமீட்டரில் மின்சாரம் கொடுத்தும் முள் ஆடவில்லை. இரண்டு விரலால் தட்டினார், அப்போதும் ஆடவில்லை. நிறமாலைமானியில் ஒளியைப் பிரிக்கிற முப்பட்டகம் மூலை உடைந்திருந்தது. ஒளிச் சோதனை செய்கிற இருட்டறையைத் திறக்கச் சொன்னார். உள்ளே உடைந்த நாற்காலிகள், ஆண்டுவிழாத் தோரணங்கள், எப்போதோ ஓய்ந்துபோன ஒரு தண்ணீர் மோட்டார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. என் தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் அவர் செயலாளர் பக்கம் திரும்பினார்.

"இப்படியே நடத்துறதா இருந்தா மூடிருங்க. இது பிள்ளைகளை ஏமாத்துற வேலை. நடத்தணும்னா முதல்ல இத சரி பண்ணுங்க. அப்புறமும் யாரும் சேரலைன்னா, அப்ப மூடுங்க. அதுவரைக்கும் பாடத்துமேல பழி போடாதீங்க."

மூடிருங்க என்ற சொல் மட்டும்தான் என் காதில் சுற்றிக்கொண்டிருந்தது. செயலாளர் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க இன்னாம்மா சொல்றீங்க?"

அந்தக் கல்லூரியில் என் தலைமுடி நரைத்திருக்கிறது. அப்படி ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. கெஞ்ச வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ராத்திரி படுக்கையில் வாசகம்கூடத் தயார் செய்துவைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் வேறு என்னவோ வந்தது.

"அவங்க சொன்னது நெசம்தாங்க சார். ஆடாத முள்ள வெச்சிகினு நானும் இவளும் எவ்ளோ நாளைக்குத்தான் பாடம் நடத்தறது? கேட்டு கேட்டு எனக்கு வாய் வலிக்குது. சரி பண்ணுங்க, இல்லைனா மூடிடுங்க. நடுவுல கெடந்து நாங்க படறது போதுங்க." தோழி என் கையை இறுக்கினாள்.

செயலாளர் கால்வனாமீட்டரைக் கையில் எடுத்தார். இது எத்தனை நாளாக ஆடவில்லை என்று கேட்டார். வருஷக்கணக்காக என்றேன். யாரிடம் சொன்னீர்கள் என்றார். எழுதி அலுவலகத்தில் கொடுத்தோம், கிடைத்தது என்று சொல்வார்கள் என்றேன். அந்த அம்மா சட்டென்று தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். செயலாளர் அதைக் கவனிக்கவில்லை. மில்லில் ஒரு பெல்ட் அறுந்தால் சோறு இறங்காது எனக்கு, இங்கே இவ்வளவு கிடக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கருவியைத் திரும்ப வைத்துவிட்டு, எல்லோருக்கும் கைகூப்பிவிட்டுக் கிளம்பிவிட்டார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்த வாரத்தை நான் எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். வகுப்பில் சொன்னதையே சொன்னேன். வீட்டில் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன், வீட்டுக்காரர் பேசாமல் மோர் ஊற்றிச் சாப்பிட்டார். கமிட்டி கூடிய அன்று நானும் தோழியும் ஆய்வகத்திலேயே உட்கார்ந்திருந்தோம். அவள் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. சாயங்காலம் செயலாளரின் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மூடிவிட்டார்கள் என்று அவள் அழ ஆரம்பித்தாள், நானும் அழுதேன்.

மறுநாள் காலை ஆய்வக வாசலில் இரண்டு பேர் நின்றுகொண்டு, இருட்டறை நாற்காலிகளை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று கேட்டார்கள். ரைஸ் மில்லிலிருந்து வந்தவர்கள். அன்று பத்து மணி வாக்கில் செயலாளரே போன் செய்தார். கமிட்டியில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லையாம். படிச்ச அம்மாவுக்குப் பந்தலில் வைத்து வார்த்தை கொடுத்துவிட்டேன், அதுவும் சோறு போட்ட இடத்தில் கொடுத்தேன், மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டாராம். என்னென்ன சாமான் வேண்டுமோ எழுதி, அலுவலகத்தில் கொடுக்காமல் நேராகத் தன்னிடமே கொடுக்கச் சொன்னார். தோழியின் ஒப்பந்தத்தை நீட்டியாயிற்று என்று கடைசியில் போகிறபோக்கில் சொன்னார். நான் போனைக் காதில் வைத்தபடியே அவளுக்குச் சைகை காட்டினேன். அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அம்மாவுக்கு உடனே சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் நிலா தேய்ந்து அவருக்கு ராத்திரி வேலை தொடங்கியிருந்தது. பகலில் தூங்குவார். மத்தியானம் வரைக்கும் பொறுத்திருந்து கூப்பிட்டேன். எடுத்ததும் அவரே கேட்டார், தூக்கம் கலையாத குரலில்.

"மூடிட்டாங்களா?"

"இல்லைங்க மேடம். லேப்ப சரி பண்றாங்க. வேலை ஆரம்பிச்சாச்சு. நீங்க சொன்னபடியே செஞ்சிட்டாரு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து இரண்டு மூன்று தடவை ஹலோ ஹலோ என்றேன். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றார்.

சொன்னேன்.